பாண்டாவின் வால் வெள்ளை: அருகிய விலங்குகளின் பீங்கான் சிமிழ்களைப் பற்றி ஒரு விவாதம்

கேள்வி | 2025 பிப்ரவரி 2

"அழிந்துவரும் விலங்குகள் வரிசை" என்ற பெயரில் கீல் வைத்த பீங்கான் சிமிழ்கள் விற்கிறார்கள். பாண்டா, பனிச்சிறுத்தை, காண்டாமிருகம், வரிக்குதிரை என்று நீளமான பட்டியல். ஒன்றின் விலை 200 யூரோவுக்கு மேல். "விற்பனைத் தொகையில் ஒரு பகுதி வனவிலங்குப் பாதுகாப்புக்கு" என்று அடியில் ஒரு வரி. விலங்கின் துன்பத்தைச் சொல்லி அலமாரிக்குப் பொம்மை விற்கிறார்கள், அவ்வளவுதான் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

பிப்ரவரி 2, இரவு

மறுக்கிறேன். முழுவதும் இல்லை, முக்கால்வாசி.

பல ஆண்டுகளாகப் பிரான்சில் வசிக்கிறேன். இந்தச் சிமிழ்களுக்குப் பெயர்பெற்ற லிமோஜ் நகரம் ரயிலில் போய் வரக்கூடிய தொலைவு. சேர்ப்பது விலங்குச் சிமிழ்களை மட்டும். பூக்கூடை, பழம், ஈபெல் கோபுரம் எதுவும் என் அலமாரியில் இல்லை.

முதலில் பொருள் என்ன என்று தெரிந்துகொள்வோம். நம் வீட்டுக் குங்குமச் சிமிழைவிடக் கொஞ்சம் பெரிது, உள்ளங்கையில் அடங்கும். விலங்கின் உடல் அல்லது அது நிற்கும் பாறை அடிப்பாதி, மேல்பாதி மூடி. இரண்டின் விளிம்பிலும் பித்தளைப் பட்டை, பின்னால் கீல், முன்னால் ஒரு கொக்கி. 18ஆம் நூற்றாண்டில் மூக்குப்பொடிக்கும் மிட்டாய்க்கும் செய்தார்கள். பொடி போடும் வழக்கம் போய்விட்டது, சிமிழ் நின்றுவிட்டது.

லிமோஜ் ஏன் என்றால் மண்தான் காரணம். 1760களின் இறுதியில் நகரத்துக்குத் தெற்கே சேன்-திரியே என்ற ஊரில் கயோலின் என்னும் வெள்ளைக் களிமண் கிடைத்தது. ஊரின் அறுவை மருத்துவர் தார்னே என்பவருடைய மனைவி அதைத் துணி வெளுக்கப் பயன்படுத்திப் பார்த்தார் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கதை. 1771இல் லிமோஜில் பீங்கான் தொழிற்சாலை எழுந்தது.

கயோலின், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் (பின்னிரண்டும் கல்பொடிகள்) மூன்றையும் குழம்பாக்கி பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். முதல் சூடு ஆயிரம் டிகிரிக்குச் சற்றுக் கீழே. பிறகு மெருகுக் குழம்பில் முக்கி எடுத்து 1400 டிகிரி வரை சுடுகிறார்கள். அந்த வெப்பத்தில் பொருள் நன்றாகச் சுருங்கும். உடலும் மூடியும் ஒரே அளவுக்குச் சுருங்கினால்தான் வாய் பொருந்தும். பொருந்தாதது குப்பைக்குப் போகும். அதற்குப் பிறகுதான் வண்ணம் தீட்டுவது, குறைந்த வெப்பத்தில் மறுபடி சுடுவது, கடைசியில் பித்தளை. 200 யூரோ ஏன் என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது.

பிப்ரவரி 3

கேள்வி கேட்டவர் விலையைப் பற்றிக் கேட்கவில்லை, நோக்கத்தைப் பற்றிக் கேட்டார் என்று இன்னொருவர் நினைவூட்டியிருக்கிறார். சரி.

சிமிழைச் செய்தவர்கள் விலங்கைப் பார்த்தார்களா? நான் கேட்பது இந்த ஒரு கேள்வியைத்தான். பார்த்துத் தீட்டியிருந்தால் அந்தச் சிமிழ் விலங்குக்குச் செய்த மரியாதை. பார்க்காமல் தீட்டியிருந்தால் நீங்கள் சொன்னதுதான் சரி. அது விலங்கின் பெயரில் விற்கும் பொம்மை.

பாண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் தெரிந்த விலங்கு. காது கறுப்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்பு, கைகால் கறுப்பு. முன்னங்கால்களின் கறுப்பு தோள் வழியாக ஏறி முதுகின் மேல் ஒரு பட்டையாகச் சேரும். வால் என்ன நிறம்? வெள்ளை. கடைக்குப் போனால் பாண்டாச் சிமிழின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பாதிக்கு மேல் கறுப்பு வால்தான் இருக்கும். தோள்பட்டைப் பட்டையையும் பலர் விட்டுவிடுவார்கள். இரண்டு கறுப்புக் கைகள் வெள்ளை உடம்பில் தனித்தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

இதில் எனக்குக் கூடுதல் வருத்தம் ஒன்று உண்டு. பாண்டாவை மேற்குலக அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவரே ஒரு பிரெஞ்சுக்காரர். அர்மாந் தவீத் என்ற பாதிரியார் 1869இல் சிச்சுவானிலிருந்து அதன் தோலைப் பாரிஸ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். இன்றைக்கு நேரில் பார்க்க வேண்டுமானாலும் பிரான்சை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. போவால் விலங்குக் காட்சிச்சாலையில் 2017இலும் 2021இலும் குட்டிகள் பிறந்திருக்கின்றன. இந்த நாட்டில் உட்கார்ந்துகொண்டு பாண்டாவுக்குக் கறுப்பு வால் தீட்டுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பிப்ரவரி 3, மாலை

"ஒரு பகுதி" என்ற அந்த வரியைப் பற்றி. எந்த அமைப்புக்கு? ஒரு சிமிழுக்கு எவ்வளவு? எந்த ஆண்டு கொடுத்தார்கள்? இம்மூன்றுக்கும் எழுத்தில் பதில் கிடைத்தால் நம்புங்கள். நான் ஒரு விற்பனையாளருக்கு எழுதிக் கேட்டேன். வந்த பதிலில் இயற்கையின் மீது தங்களுக்கு உள்ள காதலைப் பற்றி ஒரு பத்தி இருந்தது, எண் எதுவும் இல்லை. அங்கே நான் வாங்குவதில்லை. பாதுகாப்புக்குப் பணம் கொடுக்க விரும்பினால் நேராகக் கொடுப்பதே நல்லது. சிமிழைச் சிமிழுக்காக வாங்குங்கள்.

பிப்ரவரி 6

சைவ உணவுக்காரர் ஒருவர் கேட்கிறார்: பீங்கானில் எலும்பு சேர்ப்பார்களாமே, விலங்கைக் காப்பாற்றும் சிமிழில் மாட்டு எலும்பா?

நல்ல கேள்வி. எலும்புச் சாம்பல் சேர்ப்பது 'போன் சைனா' என்னும் ஆங்கிலேய வகை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்டோக் நகரத்தில் ஸ்போடு நிறுவனம் வழிக்குக் கொண்டுவந்தது. அதில் ஏறத்தாழப் பாதி மாட்டு எலும்புச் சாம்பல். லிமோஜ் பீங்கான் கெட்டிப் பீங்கான். அதன் சரக்கு மூன்றும் மண்ணும் கல்லும்தான். நிம்மதியாக வாங்கலாம்.

பிப்ரவரி 9

பார்த்துத் தீட்டுவது, பார்க்காமல் தீட்டுவது என்று எழுதியதை ஒருவர் "மிகை" என்கிறார். பீங்கானின் வரலாற்றிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்லப்போகிறேன்.

1515இல் இந்தியக் காண்டாமிருகம் ஒன்று லிஸ்பனுக்குக் கப்பலில் வந்து சேர்ந்தது. ஜெர்மனியில் இருந்த ஓவியர் ட்யூரர் அதைப் பார்க்கவில்லை. யாரோ எழுதிய விவரணையையும் ஒரு கோட்டோவியத்தையும் வைத்து மரச்செதுக்குப் படம் ஒன்றைச் செய்தார். உடம்பெல்லாம் போர்வீரனின் கவசத் தகடுகள். இந்தியக் காண்டாமிருகத்துக்கு ஒரே கொம்பு. ட்யூரர் தோளின் மேல் முறுக்கிய சிறு கொம்பு ஒன்றைக் கூடுதலாக வைத்தார். அந்த விலங்கோ அடுத்த ஆண்டு போப்பாண்டவருக்குப் பரிசாகப் போகும் வழியில் இத்தாலியக் கரையோரம் கப்பலோடு மூழ்கிவிட்டது. நிஜம் கடலுக்குள் போயிற்று, படம் மட்டும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பா முழுவதும் சுற்றியது.

ஐரோப்பாவில் முதன்முதலாகக் கெட்டிப் பீங்கான் செய்த ஊர் ஜெர்மனியின் மைசென். தொழிற்சாலை 1710இல் தொடங்கியது. மன்னர் வலிமைமிகு அகஸ்டஸ் தம் டிரெஸ்டன் அரண்மனைக்குப் பெரிய பெரிய பீங்கான் விலங்குகளைக் கேட்டார். 1730 வாக்கில் கிர்ஷ்னர் என்ற சிற்பி செய்த காண்டாமிருகத்தைப் பாருங்கள்: கவசம் அப்படியே, தோள் கொம்பும் அப்படியே. ட்யூரரின் படம் களிமண்ணுக்கு வந்திருக்கிறது.

பிறகு கிளாரா வந்தாள். இவளும் இந்தியக் காண்டாமிருகம். தாயை வேட்டைக்காரர்கள் கொன்றுவிட, வங்காளத்தில் டச்சுக் கம்பெனி அதிகாரி ஒருவர் வீட்டில் செல்லமாக வளர்ந்தவள். 1741இல் டச்சுக் கப்பல் தலைவர் ஒருவர் அவளை ராட்டர்டாமுக்குக் கொண்டுவந்து, ஊர் ஊராக அழைத்துப்போய்க் காட்டிச் சம்பாதித்தார். 1747இல் டிரெஸ்டனில் மைசென் சிற்பி கேண்ட்லர் அவளை நேரில் பார்த்து வரைந்தார். 1749இல் பாரிஸில் ஓவியர் உத்ரி அவளை முழு அளவில் தீட்டினார். தோள் கொம்பு ஐரோப்பியக் கலையிலிருந்து மறையத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கவசத் தகடு தோல் மடிப்பாக மாறியது.

கிளாரா 1758இல் லண்டனில் இறந்தாள். ஊர்சுற்றிக் காட்டப்பட்ட அந்த வாழ்க்கையை நினைத்தால் மனம் கனக்கிறது. கலைக்காக ஒரு உயிரை அப்படிக் கூட்டிப்போவது சரி என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று: எதிரே நின்று பார்த்த ஒருவர் போதும், இருநூறு ஆண்டுப் பொய்க் கொம்பு விழுந்துவிட்டது.

இன்றைக்குக் கடையில் காண்டாமிருகச் சிமிழ் எடுத்தால் நான் பார்ப்பது இவை. ஒற்றைக் கொம்பா, இரட்டைக் கொம்பா? ஒற்றை என்றால் தோளிலும் இடுப்பிலும் ஆழமான மடிப்பு இருக்க வேண்டும், தொடையில் குமிழ் குமிழாகப் புடைப்பு இருக்க வேண்டும். இரட்டைக் கொம்பு ஆப்பிரிக்க இனம் என்றால் அந்த மடிப்புகள் கூடாது. இரட்டைக் கொம்பும் கவச மடிப்பும் சேர்ந்து வந்தால் திரும்ப வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். (சுமத்ரா காண்டாமிருகத்துக்கு இரண்டு கொம்பும் உண்டு, மடிப்பும் உண்டு, ஆனால் உடம்பில் முடி இருக்கும், இரண்டாம் கொம்பு வெறும் மேடு மாதிரி. அதைச் சிமிழாக யாரும் செய்து நான் பார்த்ததில்லை.)

பிப்ரவரி 10

"கலைஞனுக்குச் சுதந்திரம் வேண்டாமா?" வேண்டும். நீலப் பாண்டா செய்யுங்கள், பூப்போட்ட யானை செய்யுங்கள், நானே வாங்குவேன். "அருகிய இனம்" என்று சீட்டு ஒட்டி, இனத்தின் பெயரையும் எழுதி, உருவத்தில் வேறொரு விலங்கைத் தருவதைத்தான் எதிர்க்கிறேன்.

பிப்ரவரி 14

லிமோஜில் ஒரு சிறிய தீட்டுக்கூடத்தில் பார்த்ததை எழுதுகிறேன்.

அறை முழுக்க டர்பென்டைன் வாசனை. வண்ணம் என்பது உலோக ஆக்சைடுப் பொடி. அதை எண்ணெயோடு கண்ணாடித் தட்டில் கத்தியால் குழைக்கிறார்கள். தீட்டிக்கொண்டிருந்த அம்மையாருக்கு அறுபது வயது இருக்கும். இடது கையில் வெள்ளைப் பீங்கான் வரிக்குதிரை, வலது கையின் சுண்டுவிரலை அதன் முதுகிலேயே ஊன்றியிருந்தார். தூரிகையில் சில முடிகள்தான். மேசையில் மூன்று புகைப்படங்கள்: பக்கவாட்டில் ஒன்று, பின்னாலிருந்து ஒன்று, வயிற்றுக்குக் கீழேயிருந்து ஒன்று.

அவர் தீட்டியது கிரேவி வரிக்குதிரை. எத்தியோப்பியாவிலும் கென்யாவிலும் மட்டும், மூவாயிரத்துக்கும் குறைவாக மிஞ்சியிருக்கும் இனம். 1882இல் எத்தியோப்பியாவின் ஷோவா பகுதி அரசர் மெனலிக் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் ஜூல் கிரேவிக்கு ஒன்றை அனுப்பியதால் இந்தப் பெயர். நாம் படங்களில் அதிகம் பார்க்கும் சமவெளி வரிக்குதிரையின் கோடுகள் அகலமானவை, வயிற்றையும் சுற்றிக்கொண்டு போகும். கிரேவியின் கோடுகள் மெல்லியவை, நெருக்கமானவை, குளம்பு வரை இறங்கும். காது பெரிது, உருண்டை. வயிறு வெறும் வெள்ளை.

அம்மையார் ஒவ்வொரு கோட்டையும் விலாவின் கீழே ஓரிடத்தில் நிறுத்தினார். சிமிழைத் தலைகீழாகத் திருப்பினார், புகைப்படத்தைப் பார்த்தார், இரண்டு கோடுகளின் நுனியைத் துணியால் துடைத்துச் சற்று மேலே ஏற்றினார். அலமாரியில் வைத்தால் அந்த வயிற்றை யாரும் பார்க்கப்போவதில்லை. என்னிடம் ஒன்றும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தச் சிமிழை அங்கேயே வாங்கிவிட்டேன்.

அடியில் பார்க்க வேண்டிய எழுத்துகளையும் சொல்லிவிடுகிறேன். 'பேன் மேன்' என்றால் முழுவதும் கையால் தீட்டியது. 'ரெயோசே மேன்' என்றால் அச்சிட்ட ஒட்டுப்படத்தை ஒட்டி, அதன் மேல் கையால் மெருகேற்றியது. இரண்டும் இல்லாமல் 'லிமோஜ்' மட்டும் இருந்தால் கேள்வி கேளுங்கள். 2017 முதல் 'லிமோஜ் பீங்கான்' என்ற பெயருக்குப் பிரான்சில் புவிசார் குறியீடு உண்டு. பீங்கான் செய்வதும் அதன் மேல் தீட்டுவதும் லிமோஜ் இருக்கும் ஓட்-வியென் மாவட்டத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். அதற்கு முந்தைய பழைய பொருள்களில் பெயரை மட்டும் நம்ப முடியாது. அமெரிக்காவின் ஒஹாயோவில்கூட லிமோஜ் என்ற பெயரில் ஒரு பீங்கான் நிறுவனம் இருந்தது.

பிப்ரவரி 15

நேற்றைய குறிப்பைப் படித்தவர்கள் ஒட்டுப்படம் என்றாலே மட்டம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. விலங்கைத் தெரிந்த ஒருவர் வரைந்த ஒட்டுப்படம், பார்க்காமல் கையால் தீட்டியதைவிட மேல். கையா, அச்சா என்பது விலைக்கான கேள்வி. கண் இருந்ததா என்பது எனக்கான கேள்வி. ஒரு குறை மட்டும் உண்டு: ஒட்டுப்படம் வளைந்த உடம்பில் சரியாகப் படியாது. காலிடுக்கிலும் கழுத்து மடிப்பிலும் கோடு உடைந்து தெரியும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாக அச்சு தெரிந்துவிடும்.

பீங்கானுக்கும் சில கட்டாயங்கள் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். மெல்லிய கால், நீண்ட வால், கூரிய கொம்பு எல்லாம் சூளையில் வளையும், பார்சலில் உடையும். அதனால் ஒட்டகச்சிவிங்கி உட்கார்ந்திருக்கும், மான் புல்லுக்குள் படுத்திருக்கும். அதைக் குறை சொல்லமாட்டேன். பனிச்சிறுத்தையில் இந்தக் கட்டாயமே நன்மையாகிவிட்டது. அதன் வால் கிட்டத்தட்ட உடம்பு நீளம், தடிமன். நிஜத்திலேயே குளிருக்கு வாலைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு படுக்கும். சிமிழில் வால் உடையாமல் இருக்க உடம்போடு ஒட்டிச் சுற்றுகிறார்கள், அது உண்மையாகவும் அமைந்துவிடுகிறது. என்னிடம் உள்ளதில் பித்தளைப் பட்டை சரியாக வாலின் மேல்விளிம்பு வழியாக ஓடுகிறது. மூடியைத் திறந்தால்தான் அங்கே வாய் இருப்பதே தெரியும்.

பிப்ரவரி 22

பாட்டியிடமிருந்து வந்த பழைய பொடி டப்பி ஒன்றின் படத்தை ஒருவர் போட்டிருக்கிறார். தேன் நிறத்தில் கருப்புத் திட்டுகள், ஒளி ஊடுருவுகிறது. அது பீங்கான் இல்லை. அழுங்காமை என்னும் கடலாமையின் ஓடு.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று முன்பே நினைத்திருந்தேன். இன்று விலங்கின் உருவத்தில் செய்யும் இதே சிமிழை அன்று விலங்கின் உடம்பிலேயே செய்தார்கள். ஆமையோட்டைச் சுடுநீரில் இளக்கி அச்சில் அழுத்தினால் எந்த வடிவத்துக்கும் வரும். நேப்பிள்ஸிலும் பாரிஸிலும் அதில் தங்கப் புள்ளிகள் பதித்து, கண்ணைப் பறிக்கும் டப்பிகளைச் செய்தார்கள். தந்தத்திலும் செய்தார்கள். அருங்காட்சியகங்களில் அவற்றைப் பார்க்கும்போது கைவேலையைப் பாராட்டாமல் இருக்க முடியாது, பார்த்துக்கொண்டே நிற்கவும் முடியாது. 2019இல் வெளியான ஓர் ஆய்வின் கணக்குப்படி, ஏறத்தாழ 150 ஆண்டுகளில் ஓட்டு வணிகத்துக்காகக் கொல்லப்பட்ட அழுங்காமைகள் சுமார் 90 லட்சம். இன்று அது மிக அருகிய இனம்.

ஆகவே விற்கலாமா என்று கேட்டவருக்கு: அவசரப்பட்டு இணையத்தில் போடாதீர்கள். அழிவாய்ப்புள்ள உயிரினங்களின் வணிகம் பற்றிய வாஷிங்டன் ஒப்பந்தம் 1973இல் கையெழுத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்தது. ஆமையோடு, தந்தம் இரண்டும் அதில் வருகின்றன. அனுமதி இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல்தான். உங்கள் நாட்டுச் சட்டத்தைக் கேட்டுக்கொண்டு, விற்காமல் வைத்திருங்கள் என்பது என் யோசனை.

முதல் கேள்வியை எழுப்பியவருக்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது. அழுங்காமை உருவத்தில் ஒரு பீங்கான் சிமிழ், அதன் முதுகில் தேன் நிறமும் கருப்பும் வண்ணத்தில். கடலில் ஓர் ஆமைக்கும் அதனால் தீங்கு இல்லை. ஓட்டின் தகடுகள் கூரை ஓடு போல ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்க வேண்டும், மூக்கு பருந்தின் அலகு போல வளைந்திருக்க வேண்டும். மற்றக் கடலாமைகளின் தகடுகள் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில்தான் அமையும். இதைச் சரியாகச் செய்த சிமிழ் ஒன்று கிடைத்தால் எனக்கு எழுதுங்கள். பல காலமாகத் தேடுகிறேன்.

மார்ச் 1

"பாண்டா இப்போது அருகிய இனமே இல்லை, பழைய துண்டுச்சீட்டோடு விற்கிறார்களே?" என்று கேட்டவர் சொல்வது உண்மை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2016இல் பாண்டாவை 'அருகிய' நிலையிலிருந்து 'அழிவாய்ப்பு' நிலைக்கு மாற்றியது. பனிச்சிறுத்தையை 2017இல். ஆபத்து ஒரு படி குறைந்தது, அவ்வளவுதான்; முழுவதும் நீங்கிவிடவில்லை. விற்பவர்கள் சீட்டைத் திருத்த வேண்டும்.

சேர்ப்பவனாக எனக்கு இந்த மாற்றங்கள் பெரிய மகிழ்ச்சி. ஐபீரிய லின்க்ஸ் என்னும் காட்டுப்பூனை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நூறுக்கும் கீழே போய்விட்டது. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் கூண்டில் பெருக்கிக் காட்டில் விட்டார்கள், அதன் உணவான முயலைப் பெருக்கினார்கள், சாலைகளுக்கு அடியில் வழி அமைத்தார்கள். இப்போது இரண்டாயிரத்துக்கு மேல். 2024 ஜூனில் 'அழிவாய்ப்பு' நிலைக்கு வந்தது. என் லின்க்ஸ் சிமிழை அன்று அலமாரியின் நடுத்தட்டுக்கு மாற்றினேன். காது நுனியில் கறுப்புக் குஞ்சம், கன்னத்தில் தாடி, குட்டை வாலின் நுனி கறுப்பு. எல்லாம் சரியாக உள்ள சிமிழ் அது.

அதே ஆண்டு அக்டோபரில் ஆப்பிரிக்கப் பென்குயின் 'மிக அருகிய' நிலைக்குப் போனது. மத்தி, நெத்திலி மீன்கள் குறைந்துவிட்டதுதான் முக்கியக் காரணம். பென்குயின் சிமிழ் இல்லாத கடை இல்லை. எல்லாம் பனிக்கட்டி மேல் நிற்கின்றன. ஆப்பிரிக்கப் பென்குயினோ தென்னாப்பிரிக்காவின் கடற்கரைப் பாறையிலும் மணலிலும் வாழும் பறவை. மார்பில் குதிரைலாடம் மாதிரி ஒரே கறுப்புப் பட்டை, கண்ணுக்கு மேலே ரோஜா நிறத் தோல். எல்லாம் இருக்கின்றன, ஆனால் காலடியில் பனி. அப்படி ஒன்றைக் கையில் எடுத்து மனமில்லாமல் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 2

நேற்று எழுதிய பிறகு அலமாரியைத் திறந்து வரிசையாகப் பார்த்தேன். எல்லாம் அழகான விலங்குகள். உரோமம், பெரிய கண்கள், புள்ளி, கோடு. என் அலமாரியே இப்படி என்றால் சந்தை எப்படி இருக்கும்? அழிவின் விளிம்பில் நிற்பவற்றில் பெரும்பகுதிக்குச் சிமிழே கிடையாது. நன்னீர்ச் சிப்பிக்கு யார் சிமிழ் செய்வார்கள்?

வாக்கிட்டாவுக்கும் இல்லை. கலிபோர்னியா வளைகுடாவில் மட்டும் வாழும் சின்னஞ்சிறு கடற்பன்றி. டொடோவாபா என்ற மீனுக்கு விரிக்கும் செவுள் வலையில் சிக்கி மூச்சுத்திணறிச் சாகிறது. மிஞ்சியிருப்பது பத்து வாக்கில். டால்பின் அச்சை எடுத்து அலகை வெட்டிவிட்டால் போதும் என்று யாராவது நினைக்கக்கூடும். போதாது. முகம் உருண்டை, முதுகுத் துடுப்பு உயரம், கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம், உதட்டிலும் கறுப்புக் கோடு. பீங்கானுக்கு இதைவிட ஏற்ற முகம் ஏது? கால் இல்லை, கொம்பு இல்லை, உடைய ஒன்றும் இல்லை. லிமோஜில் இரண்டு கூடங்களில் கேட்டுப் பார்த்தேன். யாரும் வாங்கமாட்டார்கள் என்றார்கள். நான் வாங்குவேன் என்றேன். ஒருவருக்காக அச்சு செய்ய முடியாது என்றார்கள். அதுவும் நியாயம்தான்.

மார்ச் 8

சூளை எரிபொருளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். லிமோஜில் பழைய சூளைகள் விறகில் எரிந்தன. மேல்நிலக் காடுகளில் வெட்டிய கட்டைகள் வியென் ஆற்றில் மிதந்து வரும். நவே துறையில் ஆட்கள் தண்ணீரில் இறங்கிப் பிடித்துக் கரையேற்றுவார்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே நிலக்கரி வந்துவிட்டது. 1884இல் கட்டிய கசோ சூளையை இன்றும் உள்ளே போய்ப் பார்க்கலாம். செங்கல் கோபுரம், உள்ளே வட்டமான அறை, அடுக்கடுக்காக வைத்துச் சுட்ட மண்பேழைகள். இப்போது எரிவாயுவும் மின்சாரமும்தான். 1400 டிகிரி என்பது சும்மா வருவதில்லை. ஆகவே வருடத்துக்குப் பத்து வாங்குவதைவிட ஒன்றைப் பார்த்துப் பார்த்து வாங்குங்கள் என்று சொல்வேன். என் அலமாரியில் இடம் இன்னும் இருக்கிறது, அவசரம் இல்லை.

மார்ச் 15

சுத்தம் செய்வது பற்றி: வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணி, அது போதும். தண்ணீரில் முக்காதீர்கள், பித்தளைப் பட்டைக்குள் நீர் தங்கிப் பச்சை பிடிக்கும். தங்கக் கோட்டை அழுத்தித் தேய்த்தால் போய்விடும். பித்தளை மெருகு மருந்தைத் தீட்டிய பக்கத்தில் படவிடாதீர்கள். கீல் தளர்ந்தால் நீங்களே பசை போடாமல் பழைய நகைகளைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

மார்ச் 23

எறும்புத்தின்னிச் சிமிழ் ஒன்றின் படத்தை அனுப்பி, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார், இந்த விவாதத்தைத் தொடங்கிவைத்த அதே நண்பர். மிகவும் மகிழ்ச்சி.

நான்கு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். சீட்டில் இந்திய எறும்புத்தின்னி என்று எழுதியிருக்கிறது. ஆசியாவில் நான்கு, ஆப்பிரிக்காவில் நான்கு என்று எட்டு இனங்கள். 2016இல் எட்டையும் வாஷிங்டன் ஒப்பந்தத்தின் முதல் இணைப்பில் சேர்த்து வணிகத்தைத் தடை செய்தார்கள். இந்திய இனத்தின் செதில்கள் பெரியவை. நடுவுடம்பில் 11 முதல் 13 வரிசை. சீன இனத்தில் 15க்கு மேல், செதிலும் சிறிது, காதுமடல் வெளியே தெரியும். உங்கள் படத்தில் ஒரு பக்கத்தில் ஆறு வரிசை தெளிவாகத் தெரிகிறது, முதுகின் நடுவில் ஒன்று. மறுபக்கமும் அப்படியே இருந்தால் கணக்குச் சரி. காதுமடல் தூக்கலாக இல்லை. அடிவயிற்றில் செதில் இல்லாமல் வெறும் தோல் நிறம் தீட்டியிருக்கிறார்கள், அதுவும் சரி. செதில் ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் மெல்லிய கீறல்கள் தெரிகின்றன. அச்சிலேயே வந்ததா, தூரிகையா என்று படத்தில் சொல்ல முடியவில்லை. மூடியின் வாய், செதில் வரிசைக்கு இடையில் மறைந்து போகிறது. செய்தவர் யோசித்துச் செய்திருக்கிறார்.

இரண்டு விஷயங்களை மட்டும் விற்பவரிடம் கேளுங்கள். அடிப்பகுதியின் படம் வேண்டும், முத்திரை தெரிய. வாலின் அடிப்பக்க நுனியின் படமும் வேண்டும். இந்திய இனத்துக்கு அங்கே ஒரு செதில் உண்டு. அது இருந்தால் விலை பேசுங்கள். இல்லாவிட்டாலும் அந்த முன்னங்கால் நகங்களுக்காக நான் வாங்கிவிடுவேன். நீங்கள் வாங்காவிட்டால் எனக்குச் சொல்லுங்கள்.